கோவையில் ஒரு மரவில்: வச்சிரமா, ஃபெவிகாலா, அரால்டைட்டா?

கோவை டவுன்ஹால் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போய், “அண்ணா, மரத்துல வில்லு ஒண்ணு செய்யோணுங்க, எந்தப் பசை வாங்கறது?” என்று கேட்டால், கடைக்காரரின் கை பெரும்பாலும் வெள்ளைப் பசை டப்பாவைத்தான் எடுக்கும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு, கட்டில், சமையலறை அலமாரி என்று இந்த ஊரின் மரவேலை முழுக்க அந்த வெள்ளைப் பசையால்தான் ஒட்டி நிற்கிறது. ஆனால் கதவு வளைவதில்லை. வில் வளைவதற்கென்றே செய்யப்படுவது. ஒரு நாள் பயிற்சியில் நூறு முறை இழுத்தால் நூறு முறையும் அந்தப் பசைக்கோடு மரத்தோடு சேர்ந்து வளைந்து நிமிர வேண்டும். அதுவும் பங்குனி வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும்.

வில் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சங்ககாலச் சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதுதான் அவர்களுடைய சின்னம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு ‘வல்வில்’ என்பதே அடைமொழி. யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஓர் அம்பில் வீழ்த்தியவனைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாடலாக இருக்கிறது. இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது; வில்வித்தைப் போட்டியும் அதில் உண்டு. விளையாட்டுக் களத்திலும் மரவில் மறைந்துவிடவில்லை. தேசிய வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு தனிப்பிரிவே இருக்கிறது. மூங்கில் அல்லது மரத்தால் ஆன வில்லைக் கொண்டு 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்யும் பிரிவு அது. பல இலட்சம் ரூபாய் போட்டு வெளிநாட்டு வில் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் நுழையும் வாசலும் அதுதான்.

ஆகவே தன் கையால் ஒரு வில் செய்து பார்க்க வேண்டும் என்று கோவையிலோ ஈரோட்டிலோ ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை. அவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வில்லுக்குப் பசை வேண்டுமா என்பதுதான்.

பல நேரம் வேண்டாம். ஒரே கட்டையில் செதுக்கும் வில்லுக்கு ஒரு துளிப் பசையும் தேவையில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீகப் படையில் இருந்த இந்திய வீரர்கள் பருத்தி உடை உடுத்திப் பிரம்பு போன்ற கழையால் ஆன வில் ஏந்தியிருந்ததாக எழுதுகிறார். அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியர்க்கஸ் கண்ட இந்திய வில் ஆளின் உயரம் இருந்ததாம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி இழுத்தார்களாம். வில் நீளமாக இருந்தால் ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சமாக வளைந்தால் போதும். ஒரே கட்டை தாங்கிக்கொள்ளும்.

நம் பக்கத்து மரங்களில் தடசு அப்படிப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் வளரும் இதைச் சிலர் சடச்சி என்றும் சொல்வார்கள். வடமொழியில் அதன் பெயரே வில்லோடு சேர்ந்தது: தன்வனம், தனுர்விருட்சம். வண்டிக்கு ஏர்க்கால், தோளில் சுமக்கும் காவடித்தண்டு, கருவிகளுக்குப் பிடி என்று வளைந்தும் உடையாமல் இருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் இந்த மரத்தைத் தேடியிருக்கிறார்கள். காட்டில் போய் வெட்டுவது குற்றம். சட்டப்படி வந்த மரம் மரக்கடையில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் மூங்கில் இருக்கவே இருக்கிறது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தோட்டத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் இப்போது அந்த வனச் சட்டத்தின் சிக்கல் இல்லை.

பசை வருவது அடுத்த படியில். ஆறடிக்கு நேர்நரம்பு ஓடும் ஒரே கட்டை கிடைக்காதபோது இரண்டு குட்டைத் துண்டுகளைப் பிடியில் வைத்து மீன்வால் வெட்டாக இணைக்கிறார்கள். மரத்தின் முதுகு வெடிக்காமலிருக்க மூங்கில் பட்டையை அதன்மேல் ஒட்டுகிறார்கள். மெல்லிய சட்டங்களை அடுக்கி, நாண் ஏற்றாதபோது முன்பக்கம் வளைந்திருக்கும்படி ஒட்டி வேகத்தைக் கூட்டுகிறார்கள். மூன்றிலும் வேலை முழுவதும் பசைக்கோட்டின் தலையில்தான் விழுகிறது.

எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் போதும். அதை இரு கையாலும் பிடித்து வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓரம் படிக்கட்டுபோல் ஆகும். வில்லை இழுக்கும்போதும் அடுக்குகள் அப்படித்தான் வழுக்கப் பார்க்கின்றன. எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது, இலக்கைப் பார்க்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது, இரண்டுக்கும் நடுவில் வழுக்கும் விசை உச்சத்தில் இருக்கிறது. பல வில்களில் பசைக்கோடு அந்த நடுவை ஒட்டி ஓடும். ஆக வில்லுக்கான பசையிடம் கேட்க வேண்டியது பிய்த்தால் வருமா என்பது அல்ல. மாதக்கணக்கில் வழுக்காமல் நிற்குமா என்பது.

இந்தக் கேள்வியோடு பழைய தச்சர்களின் பசையிலிருந்து தொடங்கலாம். வச்சிரம் என்று ஆசாரிமார் சொல்வது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. வடக்கே சரேஷ். கட்டியாகவோ பொடியாகவோ வரும். இரவு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்குவார்கள். ஏறக்குறைய 60 டிகிரி போதும். கொதிக்கவிட்டால் பசையின் பலம் போய்விடும். ஒட்டிச் செய்த வில்லின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தப் பசையின் வரலாறுதான். கொம்பு, மரம், விலங்கின் தசைநாண் மூன்றையும் சேர்த்துச் செய்த துருக்கிய, மங்கோலிய, முகலாய வில்கள் எல்லாம் தோல்பசையாலும் மீன்பசையாலும் ஒட்டப்பட்டவை. தசைநாண் இழைகளைப் பசையில் தோய்த்து முதுகில் படியவைத்தால், காயக் காயப் பசை சுருங்கி இழைகளை இறுக்கும். வில் தானாகவே முன்பக்கம் வளையும். எந்த நவீனப் பசையும் இந்த வேலையை இதைப்போலச் செய்வதில்லை. தசைநாண் முதுகு வைக்கப் போகிறவருக்கு இன்றைக்கும் வச்சிரம்தான். அது கிடைக்காவிட்டால் சமையல் ஜெலட்டினைக்கூடக் காய்ச்சி எடுத்துக்கொள்ளலாம், அடிப்படைப் பொருள் ஒன்றே.

கொரியாவின் கொம்பு வில்லுக்கு மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிப் பசை எடுக்கிறார்கள். அந்த மீன் நம் கடற்கரையில் கத்தாழை என்று சொல்லும் மீன்களின் குடும்பம்தான். ஆனால் அங்கே அந்த வில்லை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். ஈரத்தை விரட்டுவதற்காக மிதமான சூடுள்ள பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். விலங்குப் பசை ஈரத்தில் இளகும், சூடும் சேர்ந்தால் கழன்றே விடும். இந்தியாவில் ஒரு காலத்தில் முழுக்க எஃகால் வில் அடித்தார்கள். அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. ஆயுதக் கிடங்கில் பல மழைக்காலம் கிடந்தாலும் பிரியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் ஈரக்காற்று ஊருக்குள் வரும் கோவையில், வச்சிரம் போட்ட வில்லுக்கு மேல்பூச்சு கெட்டியாக இருக்க வேண்டும், மழைக்கால ஓய்வும் வேண்டும்.

வச்சிரம் காய்ச்சும் சட்டியைப் பட்டறையிலிருந்து வெளியேற்றியது ஃபெவிகால். 1959இல் தொடங்கிய பிடிலைட் நிறுவனம், காய்ச்சவே வேண்டாம், அப்படியே தடவலாம் என்று இந்த வெள்ளைப் பசையை நேராகத் தச்சர்களிடம் கொண்டுபோனது. அடுப்பும் நாற்றமும் போனது பெரிய விடுதலைதான். வில்லுக்கு இது ஆகுமா என்றால், சில இடங்களில் நன்றாகவே ஆகும். இழைத்த இரண்டு பரப்புகள் வெளிச்சம் நுழையாதபடி ஒட்டி உட்கார்ந்து, நல்ல அழுத்தமும் கொடுக்க முடிந்தால், வெள்ளைப் பசையின் இணைப்பில் மரம்தான் முதலில் கிழியும். வெளிநாடுகளில் ‘டைட்பாண்ட் 3’ என்ற, தண்ணீரைத் தாங்கும் இதே இனத்துப் பசையால் எத்தனையோ பேர் மூங்கில் முதுகு வைத்த வில் செய்கிறார்கள். இங்கேயும் தண்ணீரைத் தாங்கும் வகை தனியாக விற்கிறது. வில்லுக்கு என்று வாங்கினால் அதைத்தான் வாங்க வேண்டும்.

சிக்கல் இரண்டு. காய்ந்த பிறகும் இது சூட்டில் மென்மையாகும் பிளாஸ்டிக் இனம். தொடர்ந்து விசை இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நகரும். முன்வளைவு கொடுத்து ஒட்டிய சட்டங்கள் எப்போதும் நிமிர்ந்துவிடப் பார்த்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்ட வில்லில் அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். இரண்டாவது, நேரம். ஆறடிச் சட்டம் ஒன்றில் பசை தடவி, மூங்கிலை மேலே வைத்து, முனையிலிருந்து முனைவரை இறுக்கி முடிப்பதற்குள் கோவையின் உலர்ந்த வெயில் நாளில் வெள்ளைப் பசை ஒரு பக்கம் தோல் கட்டிவிடும். அதில் உள்ள தண்ணீர் மரத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும், மூங்கிலின் பளபளப்பான வெளித்தோல் அதை விடாது. ஒட்டிய மறுநாளே வில்லை வளைத்துப் பார்ப்பவர்கள் பிரிவதைப் பார்ப்பது இதனால்தான். ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

அதனால்தான் அடுக்கு வில்லுக்குக் கொங்கு வெயிலில் முதல் இடம் எபாக்சிக்கு. தெருமுனைக் கடையில் ‘அரால்டைட்’ என்று கேட்டால் கிடைப்பது அதுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்கக் கூடாது. அதில் ஆறடி வில்லை ஒட்டி முடிக்க முடியாது. அந்த வகை மெதுவாக இறுகுவதைப்போல் சூட்டையும் அதிர்வையும் தாங்குவதுமில்லை. மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட்டில் பிசினும் இறுக்கியும் கன அளவில் சமபங்கு, எடையில் 100க்கு 80. பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வகை பழக்கமாக இருக்கும்: ஆய்வகங்களில் நார்களோடு சேர்த்து வார்க்கும் எல்.ஒய் 556 பிசினும் எச்.ஒய் 951 இறுக்கியும். அதன் பங்கு எடையில் 10க்கு 1. எபாக்சியில் இந்தக் கணக்கைக் கண்மதிப்பில் போடக் கூடாது. இறுக்கி கூடினாலும் குறைந்தாலும் ரப்பர்போல் இளகிய பசைதான் மிஞ்சும். நகைக்கடைத் தராசு வேண்டாம், நூறு இருநூறு கிராம் அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். வெயில் ஏற ஏறக் கலவை சீக்கிரம் இறுகும் என்பதால் விடியற்காலையில் ஒட்டுவது நல்லது. கையுறை கட்டாயம். இறுக்கி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஆயுளுக்கும் எபாக்சியைத் தொட முடியாமல் போகலாம்.

ஒட்டுப்பலகைத் தொழிலில் ஓடும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையும் வில்லுக்குச் சிறந்ததே. கண்ணாடிபோல் இறுகும், நகரவே நகராது. ஆனால் சில்லறையில் கிடைப்பது அரிது, இடைவெளியை மன்னிக்காது, மூச்சுக்கும் நல்லதல்ல. மைக்கா ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையை வில்லின் அடுக்குக்கு ஒருபோதும் போடக் கூடாது. அது இறுகவே இறுகாது, ரப்பராகவே இருக்கும். பிடிக்குத் தோல் சுற்ற அது போதும். ஃபெவிக்விக் அடுக்கை ஒட்டுவதற்கு அல்ல. ஆனால் முதுகில் மயிரிழைபோல் ஒரு சிம்பு எழும்பினால் அதற்குள் ஊறவைத்து மேலே நூல் சுற்றிவிடவும், அம்பில் இறகு ஒட்டவும் அதைவிட வசதியானது இல்லை.

பசையின் பெயர்கள் இவ்வளவுதான். இனி சொல்வதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ‘மஸ்கிட்டோ’ என்று ஒரு விமானம் செய்தது. பால்சா, பிர்ச், ஸ்ப்ரூஸ் என்று முழுக்க மரம், ஒட்டியது முழுக்கப் பசை. முதலில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை, பிறகு ‘ஏரோலைட்’ என்ற ஃபார்மால்டிஹைடு பசை. அந்த ஏரோலைட்டைச் செய்தது இங்கிலாந்தின் ஏரோ ரிசர்ச் லிமிடெட். அரால்டைட் என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் முதலெழுத்துகளும் அந்த நிறுவனத்துடையவைதான். 1944 நவம்பரில் இந்தியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் பறந்த மஸ்கிட்டோக்கள் சில நொறுங்கி விழுந்தன. இறக்கையின் மேல்தோல் சட்டத்திலிருந்து பிரிந்திருந்தது. எல்லோருடைய விரலும் பசையை நோக்கித்தான் நீண்டது: இந்திய வெயிலையும் மழையையும் கேசின் தாங்கவில்லை என்றார்கள். நேரில் வந்து ஆராய்ந்த குழு, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்றது. அதற்குப் பிறகு நடந்த விசாரணைகள் இன்னும் ஆழமாகப் போயின. மழையையே பார்க்காத விமானங்களிலும் அதே கோளாறு இருந்தது. கடைசியில் குற்றம் தொழிற்சாலைக் கட்டுமானத்தின்மேல் விழுந்தது. ஒட்டிய விதம் சரியில்லை.

வில் பிரிந்தால் நாமும் முதலில் பசையைத்தான் திட்டுகிறோம். பிரிந்த பரப்பைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை அங்கேயே எழுதியிருக்கும். பசை ஒரே பக்கம் பளபளவென்று படிந்து, மறுபக்கம் மரம் வெறுமையாக இருந்தால், அந்தப் பக்கம் பசை பிடிக்கவேயில்லை: தூசியோ, எண்ணெயோ, பல நாளுக்கு முன் இழைத்த பழைய பரப்போ காரணம். தேக்குக்கு இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் நாளன்று புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்த பிறகே பசை தொட வேண்டும். நடுவில் மட்டும் பசை தடித்து உறைந்திருந்தால் அங்கே பள்ளம் இருந்திருக்கிறது. இரு பக்கமும் பசையே இல்லாமல் வறண்டிருந்தால் கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கிப் பசை முழுவதையும் வெளியே பிதுக்கிவிட்டார்கள். இந்தக் கடைசித் தவறு எபாக்சியில்தான் அதிகம். வெள்ளைப் பசைக்குப் பழகிய கை பலத்தைக் காட்டும். எபாக்சிக்கு மரம் தொட்டு உட்காரும் அளவு அழுத்தம் போதும். அது மெல்லிய படலமாக உள்ளே தங்க வேண்டும்.

அந்த மென்மையான, சீரான அழுத்தத்துக்கு உலகெங்கும் வில் செய்பவர்கள் கண்டுபிடித்த கருவி சைக்கிள் டியூப். பழைய டியூபை ஓரங்குல அகல நாடாவாக வெட்டி, வில்லை முனையிலிருந்து முனைவரை இறுக்கிச் சுற்றிவிட்டால் பத்துக் கிளாம்ப் செய்யாததை அது செய்யும். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். பரப்பைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கவும் வேண்டாம். இழைப்புளியால் மட்டமாக்கிய பிறகு ஹாக்சா பிளேடின் பல்லால் நீளவாக்கில் கீறிவிட்டால் எபாக்சியும் வச்சிரமும் நன்றாகப் பிடிக்கும். பழைய துருக்கிய வில்லாசாரிகள் கொம்பிலும் மரத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வரிப்பள்ளங்களைப் பல் உள்ள கருவியால் கீறியதும் இதற்குத்தான். மூங்கிலில் ஒட்டுவது உட்பக்கம். அதன் பலம் வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உப்புத்தாள்கூடத் தொடாமல் விட்டு, உட்பக்கத்தை மட்டும் தட்டையாகும்வரை இழைக்க வேண்டும்.

பிடிக்கட்டை தனிக்கதை. ஒட்டிய பிடிக்கட்டை எகிறிப் பறப்பதுதான் புதியவர்களின் வில்லில் அடிக்கடி நடக்கும் விபத்து. அங்கேயும் பசை மாற்றினால் தீராது. பிடிக்கட்டையின் முனைகள் மெலிந்து வில்லின் கைகளில் இறங்கும் இடம் வளையக் கூடாது. அடியில் உள்ள மரம் வளைந்தால் மேலே ஒட்டிய கட்டை வளைய மறுத்துப் பிய்த்துக்கொள்ளும். கட்டைக்கு அடியில் மரத்தைத் தடிமனாக விட்டு, வளைவு அதைத் தாண்டித் தொடங்கும்படி செதுக்கினால் சாதாரண வெள்ளைப் பசையே ஆண்டுக்கணக்கில் பிடித்து நிற்கும்.

எந்தப் பசை என்று இன்னும் மனம் ஊசலாடினால் மொட்டைமாடியைக் கேட்கலாம். வில்லுக்கு எடுத்த அதே மரத்தின், அதே மூங்கிலின் கழிவுத் துண்டுகளை ஒவ்வொரு பசையாலும் இரண்டிரண்டு சோடியாக ஒட்டிப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு சோடியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட வேண்டும்; இன்னொன்றை மதிய வெயிலில் தகரத்தின்மேல் வைக்க வேண்டும். பிறகு உளியைப் பசைக்கோட்டில் வைத்து ஒரு தட்டு. மரம் கிழிந்தால் அந்தப் பசை தேறியது. கோடு சுத்தமாகப் பிளந்தால் தேறவில்லை. தண்ணீரிலும் தகரத்திலும் பிழைத்த பசை கோவையின் எல்லா மாதத்துக்கும் போதும்.

செய்து முடித்த வில்லுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு. ஈரத்துக்கு வார்னிஷ் அதைவிடக் காவல். பசை எதுவானாலும் வில்லை நாண் அவிழ்த்து, படுக்கவைத்து, சுவரின் ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

முதல்முறை வில் செய்யப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வில்லைப் பசையே இல்லாமல், ஒரே மூங்கிலில் செய்யுங்கள். வில்லின் இரண்டு கைகளும் ஒரே சீராக வளைவது எப்படி இருக்கும் என்று உங்கள் கை கற்றுக்கொள்ளட்டும். இரண்டாவதற்குப் பசை வாங்குங்கள். ஒட்டிய வில்லை முதல் தடவை முழுமையாக இழுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிரியும் அடுக்கு முகத்தை நோக்கியும் பாயலாம்.